கோவேறு கழுதை அறை

மாதாவைக் காணவில்லை என்று செரஃபீனா மூச்சிரைக்க வந்து நின்றபோது நான் ரொட்டித் துண்டின் மேல் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் முதலாளியம்மா சிஞோரா கிளேலியா செய்தித்தாளில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்துவைத்து, "இவன் போக வேண்டியவன்தான்... இவன் போன வருஷமே போயிருக்கணும்" என்று பேனாவால் குறியிட்டுக்கொண்டிருந்தார். மத்தேரா நகரத்தின் ஒரே தனியார் துப்பறியும் நிலையத்தில் காலைப்பொழுது எப்போதும் இப்படிப் பரபரப்பாகத்தான் விடியும்.

"எந்த மாதா?" என்றார் சிஞோரா, தலையைத் தூக்காமல்.

"எங்க சாந்தா பெலாஜா கோயில் மாதாதான் சிஞோரா. முழங்கை உயரம், மரத்துல செஞ்சது. நேத்து பூட்டறப்ப மாடத்துல இருந்தா. காலையில திறந்தா மாடம் காலி."

"பூட்டு?"

"கீறல்கூட இல்ல. சாவி ஒண்ணே ஒண்ணுதான். அது இங்க தொங்குது." செரஃபீனா கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். "இன்ஸ்பெக்டர் சொல்றாரு, பூட்டு உடையல, சாவி உன்கிட்ட, அப்ப திருடி நீதானேன்னு. மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள மாதா மாடத்துக்கு வரலேன்னா எனக்கு விலங்காம்."

செரஃபீனாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவன் இல்லை. பாறையைக் குடைந்த அந்தக் கோயிலைக் கூட்டித் துடைத்து, விளக்கேற்றி, வருகிறவர்களுக்குத் திறந்துவிடுவதுதான் பிழைப்பு. பிழைப்பு போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். மாதாவைத் திருடியவள் என்று பெயர் வாங்கிவிட்டால் இந்த ஊரில் பேக்கரிக்காரன்கூட முகம் கொடுக்கமாட்டான்.

"எந்த இன்ஸ்பெக்டர்?"

"பிஸோலி."

சிஞோரா பேனாவை மூடி வைத்தார். "எஜீதியோ, தின்னது போதும். கிளம்பு."

சிஞோரா கிளேலியாவுக்கு நீதியின் மேல் பற்று உண்டு. ஆனால் பிஸோலியின் மேல் உள்ள இளக்காரம் அதைவிடப் பழையது. இருவரும் ஒரே காவல் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். சிஞோரா கண்டுபிடிப்பார், பிஸோலி புகைப்படத்துக்கு நிற்பார். ஒருநாள் சிஞோரா தொப்பியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்து, "இதுக்குள்ளயாவது ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் எஜீதியோ. அவருடைய உதவியாளன். அதற்குமுன் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். குகைச் சுவரில் இருந்த ஈரக்கறை ஒன்றை ஏசாயா தீர்க்கதரிசி என்று ஜெர்மன் பாதிரியார் கூட்டத்துக்கு விளக்கி, அவர்களை மண்டியிடவும் வைத்துவிட்டதால் வேலை போயிற்று. இன்றைக்கும் எனக்கு அது ஏசாயா மாதிரிதான் தெரிகிறது.

பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் படிகளில் கூட்டம். ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பாரு, இங்கதான் மனுஷங்க ஆட்டோட படுத்திருந்தாங்க" என்றாள். குழந்தை என்னைப் பார்த்தது. நியாயம்தான். என் அப்பா அந்தக் குகைகளில் ஒன்றில்தான் பிறந்தார். நாட்டுக்கே அவமானம் என்று சொல்லி அரசாங்கம் எல்லோரையும் காலி செய்து மேலே அடுக்குமாடிகளுக்கு ஏற்றியது. இப்போது அதே அவமானத்தில் படுக்க வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்கிறார்கள். மனிதன் முன்னேறிக்கொண்டே இருக்கிறான்.

சாந்தா பெலாஜா கோயிலுக்குள் இன்ஸ்பெக்டர் பிஸோலி நின்றிருந்தார். சீருடை மடிப்புக் கலையாமல், மீசையில் எண்ணெய் மினுங்க, காலி மாடத்துக்குப் பக்கத்தில் தானும் ஒரு புனிதர் போல.

"வாங்க கிளேலியா! ஓய்வுகாலம் எப்படிப் போகுது?"

"உங்களைப் பார்க்காம நல்லாப் போச்சு." சிஞோரா அவரைத் தாண்டி மாடத்துக்கு முன் போய் நின்றார்.

மாடம் என்பது பாறைச் சுவரில் மார்பு உயரத்தில் குடைந்த ஒரு பொந்து. உள்ளே பின்பக்கம் நீலப் பலகை, அதில் தங்க நட்சத்திரங்கள். முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மாதா நின்ற இடத்தில் தூசி இல்லாத வட்டம். வட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ துணுக்கு. சிஞோரா குனிவதற்குள் பிஸோலி முந்திக்கொண்டு பார்த்தார்.

"வைக்கோல். குருவி கொண்டுவந்து போட்டிருக்கும்." ஃபூ என்று ஊதிவிட்டார்.

"குருவி சாவி போட்டுத் திறந்து வந்துச்சா?" என்றேன்.

"இவன் யாரு?"

"என் உதவியாளன். உங்களுக்கும் ஒருத்தன் இருந்திருந்தா தேவலை," என்றார் சிஞோரா. பிறகு செரஃபீனா பக்கம் திரும்பினார். "கதவைச் சாத்தும்மா. இறுக்கமா."

செரஃபீனா சாத்தினாள். உள்ளே இருட்டு கூடியது. மெழுகுவத்திச் சுடர் மாடத்திலிருந்து எங்கள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஜன்னலில்லாத கோயில். கதவும் சாத்தியாயிற்று. சுடர் நிமிரவே இல்லை.

"எப்பவும் இப்படித்தான் எரியுமா?"

"இல்லையே சிஞோரா. நேரா நிக்கும், ஊசி மாதிரி." செரஃபீனா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "மாதா போன துக்கம்..."

"துக்கம் காத்தா அடிக்காது. பக்கத்துக் குகையில யாரு இருந்தா, அந்தக் காலத்துல?"

"லவெக்கியா வீட்டுக்காரங்க. அவங்க வீடும் எங்க வீடும் ஒரே முற்றம்தான். இந்தக் கோயில்ல அப்ப பூசை ஏது? அவங்கதான் வைக்கோல் அடைச்சு வச்சிருந்தாங்க. எல்லாரையும் காலி பண்ணினதுக்கு அப்புறம்தான் சுத்தம் பண்ணி, இடிஞ்சுபோன வேற கோயில்ல இருந்து மாதாவைக் கொண்டுவந்து வச்சாங்க. லவெக்கியா வீட்ல இப்ப ஓட்டல் நடக்குது."

பிஸோலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டல்ல தங்கியிருக்கறவர் பெட்டியைக்கூடச் சோதிச்சாச்சு. ஒரே ஒருத்தர், ஸ்விட்சர்லாந்துக்காரர், ரொம்ப மரியாதையான மனுஷன். ஒண்ணும் இல்ல. மத்தியான மணி அடிக்கட்டும், இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்த நீலப் பலகையைத் தட்டிப் பார்த்திருக்கலாமே சிஞோரா?"

"தட்டினா யாருக்குக் கேக்கும்?"

"நமக்கு."

"அந்தப் பக்கம் இருக்கறவனுக்கும் கேக்கும். மூளையைக் கோயில்லயே காணிக்கை போட்டுட்டு வந்துட்டியா? நட."

பக்கத்துக் குகையின் பெயர் இப்போது 'ஆதி மூச்சு'. உரிமையாளர் ஸ்பினெல்லி மிலானிலிருந்து வந்தவர். வந்ததிலிருந்து "எங்கள் முன்னோர்கள்" என்று பேச ஆரம்பித்துவிட்டார். கசங்கிய லினன் சட்டை, வெறுங்கால். அந்தச் சட்டையைக் கசக்கவே தனியாக ஆள் வைத்திருப்பதாகக் கேள்வி.

வாசல் என் நெற்றி உயரத்துக்குத்தான் இருந்தது. நெற்றியைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"எல்லாரும் குனிஞ்சுதான் ஆகணும்," என்றார் ஸ்பினெல்லி பெருமையாக. "வரலாற்றுக்கு முன்னால தலை வணங்குறோம்."

"பழைய வாசலா?" என்றார் சிஞோரா.

"பழைய வாசல் அந்தப் பக்கம். உயரமா, அகலமா இருந்துச்சு, பார்க்கவே நல்லால்ல. ஏழைங்க வீட்டுக்கு அவ்ளோ பெரிய வாசலா? யாரும் நம்பமாட்டாங்க. அதை ஜன்னலாக்கிட்டு, இந்தக் குட்டை வாசலைப் புதுசா வெட்டினேன். இதுதான் நிஜமா இருக்கு."

"உள்ள வேற என்ன நிஜமாக்குனீங்க?"

"நடுவுல ஒரு கல் வளைவு இருந்துச்சு, கழுத்து உயரத்துக்கு. கழுதைக்குப் போதும், மனுஷனுக்குப் போதாது. அதை இடிச்சு எடுத்தாச்சு. குளியல் தொட்டி உள்ள போகணுமே!" அவர் குரலைத் தாழ்த்தினார். "பின்னாடிதான் நம்ம ஓட்டல்லயே உசத்தியான அறை. கோவேறு கழுதை அறை. கழுதை படுத்த அதே இடத்துலதான் கட்டில். மூணு மாசத்துக்கு இடமில்ல."

"கழுதைக்கு இது தெரியாம போச்சே," என்றேன். "செத்ததுக்கு அப்புறம்தான் மவுசு."

நாங்கள் வெள்ளையடித்த பெரிய கூடத்தில் நின்றிருந்தோம். கூடத்துக்குப் பின்னால் அந்தக் கழுதை அறை. இரண்டுக்கும் நடுவே வளைவு இருந்த இடம் இப்போது வெறும் காற்று, இரண்டு ஆள் உயரத்துக்குத் திறந்து கிடந்தது.

வெளியிலிருந்து காலடிச் சத்தம். வாசலில் "தொம்" என்றது. பிறகு ஜெர்மன் மொழியில் ஒரு வசவு. நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டை மனிதர் உள்ளே வந்தார். அறுபதைத் தொடும் வயது, தங்கச் சட்டக் கண்ணாடி, நெற்றியில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்திரி.

"அய்யோ, சிஞோர் க்ரூபர்! மறுபடியுமா!" ஸ்பினெல்லி பதறினார். "வந்த நாள்ல இருந்து தினம் இடிச்சுக்கிறாரு பாவம். சூரிச்ல கலைப்பொருள் வியாபாரம். நம்ம ஊருக்கு இதுதான் முதல் தடவை."

"நல்லது... காலை," என்றார் க்ரூபர். ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுத்துப் பேசினார். "எனக்கு... வருத்தம். மாதா. அழகு. நான் பார்த்தேன், நேற்று. அந்த அம்மா... திருடி? நம்ப... கஷ்டம்."

"எங்களுக்கும்தான்," என்றார் சிஞோரா. "எப்பக் கிளம்பறீங்க?"

"மத்தியானம். கார் வருது. இப்போ... பெட்டி."

மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அவர் பின்னறைக்கு நடந்தார். நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், தலையைத் தாழ்த்தி இடது தோளை முன்னே விட்டு, சடாரென்று புகுந்து, மறுபக்கம் நிமிர்ந்து போனார்.

படியேறி வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பார்த்தீங்களா சிஞோரா? கல்லு இருக்கற எடத்துல முட்டிக்கிறாரு, காத்துக்குக் கும்பிடு போடறாரு. நெட்டைப் பசங்களுக்கு ரத்தம் மூளைவரைக்கும் ஏறாது போல."

சிஞோரா நின்றுவிட்டார். என்னை அப்படியே பார்த்தார். அந்தப் பார்வையைப் பதினோராம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் பிறகு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

"எஜீதியோ."

"சொல்லுங்க."

"நீ எப்பவாவது புத்திசாலித்தனமா ஒண்ணு சொன்னா, அது உனக்குத் தெரியக்கூடாதுங்கறது ஆண்டவனோட ஏற்பாடு போல இருக்கு. போய் பிஸோலியையும் செரஃபீனாவையும் கூட்டிட்டு ஓட்டலுக்கு வா. ஓடு."

"என்ன சொன்னேன்?"

"ஓடுன்னேன்!"

ஓடினேன். என்ன சொன்னேன் என்று படி முழுக்க யோசித்தேன். ரத்தம் எனக்கும் மூளைவரை ஏறவில்லை.

திரும்பி வந்தபோது கழுதை அறையில் சிஞோரா கட்டிலின் மேல் செருப்போடு ஏறி நின்றிருந்தார். ஸ்பினெல்லி, "அது எகிப்துப் பருத்தி... எகிப்துப் பருத்தி..." என்று புலம்பிக்கொண்டிருந்தார். க்ரூபர் மூலையில் பெட்டியைப் பூட்டிவிட்டு அமைதியாக நின்றார். கட்டிலின் தலைப்பக்கம் முழுச் சுவரையும் மறைத்து ஒரு பெரிய பழைய மரப்பலகை.

"இதுக்குப் பின்னாடி என்ன?" என்றார் சிஞோரா.

"சுவர்தாங்க! முன்னோர்கள் சுவர்!"

"நீங்க பார்த்தீங்களா?"

"நான்... மேஸ்திரி பார்த்தான். நான் வரைபடம் பார்த்தேன்."

"இன்ஸ்பெக்டர், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

பிஸோலி கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "கோயில்," என்றேன். பாவம், கேட்டது அவரைத்தான்.

"கோயில்ல வைக்கோல். இங்க கழுதை. மழைக்காலத்துல வைக்கோலை வெளியில சுத்தி எடுத்துட்டு வருவானா எவனாவது? சுவர்ல ஓட்டை போட்டு இந்தப் பக்கம் தள்ளுவான். கழுதை வாயில வந்து விழும். அந்த ஓட்டையைத்தான் பின்னாடி ஒரு பலகை அடிச்சு, நட்சத்திரம் வரைஞ்சு, மாடம்னு மாதாவை நிறுத்தினாங்க. மாதா வாசல் வழியாப் போகலை பிஸோலி. பின்பக்கமாப் போயிருக்கா. நகருங்க."

நானும் சிஞோராவும் இழுத்தோம். பலகை எளிதாக நகர்ந்தது, சமீபத்தில் நகர்ந்து பழகியது போல. பின்னால் மார்பு உயரத்தில் கறுப்பாக ஒரு பொந்து. அடைத்திருந்த கற்கள் கட்டிலுக்கடியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"கையை விடு," என்றார் சிஞோரா.

"யாரு கையை?"

"உன் கையைத்தான்."

"தேள் இருக்கும் சிஞோரா."

"அதுக்கும் ஒரு மாறுதல் வேணாமா?"

கண்ணை மூடிக்கொண்டு தோள்வரை விட்டேன். சில்லென்று கல். வைக்கோல் தூசி. பிறகு ஒரு மூக்கு. சின்ன மர மூக்கு. நான் போட்ட சத்தத்தில் ஸ்பினெல்லி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மாதாவை வெளியே எடுத்தேன். அவள் மடியெல்லாம் வைக்கோல். செரஃபீனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "தூசி, தூசி" என்று கையை நீட்டி வாங்கி அவள் முகத்தைத் துடைத்தாள்.

பிஸோலிக்குக் குற்றவாளி வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். ஸ்பினெல்லியின் கசங்கிய சட்டையைப் பிடித்து மேலும் கசக்கினார். "உன் சுவர், உன் ஓட்டை! இந்தம்மாவைத் துரத்திட்டுக் கோயிலையும் ஓட்டலாக்கப் பார்த்தியா?"

"சாப்பாட்டு அறைக்குத்தான் கேட்டேன்! காலைச் சிற்றுண்டிக்கு மட்டும்!" ஸ்பினெல்லி கதறினார். "ஓட்டை இருக்கறது எனக்குத் தெரியாது! நான் மிலான்காரன்யா!"

இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

"மன்னிக்கணும்," என்றார் க்ரூபர் மெதுவாக. "கார்... காத்திருக்கு. நல்லவேளை. அந்த அம்மாவுக்கு... நல்லது."

"போங்க சிஞோர்," என்றார் பிஸோலி. "உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டோம்."

சிஞோரா கட்டிலிலிருந்து இறங்கி ஒதுங்கி வழிவிட்டார். க்ரூபர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கூடத்துக்குள் நுழையும் இடத்தில் தலை தாழ்ந்தது, இடது தோள் முன்னே போனது, உடம்பு ஒரு வளைவு வளைந்து நிமிர்ந்தது.

"சிஞோர் க்ரூபர்," என்றார் சிஞோரா. "இப்ப எதுக்குக் குனிஞ்சீங்க?"

அவர் நின்றார். திரும்பவில்லை. "நான்... உயரம். பழக்கம்."

"அப்ப வாசல்ல ஏன் குனியலை? அங்க கல்லு இருக்கு. தினம் போய் நெத்தியைக் கொடுக்கறீங்க. இங்க கல்லே இல்ல, இங்க குனியறீங்க. வெளியூர்க்காரன் இருக்கற கல்லுக்குக் குனிவான். நீங்க, ஸ்பினெல்லி இடிச்சுப் போட்ட கல்லுக்குக் குனியறீங்க."

எனக்கு அப்போதுதான் ஏறியது. இருபக்கச் சுவரையும் பார்த்தேன். புதுச் சுண்ணாம்புக்கடியில், வளைவை வெட்டி எடுத்த உளித் தடம் இருபுறமும் மேடாகத் தெரிந்தது. சரியாக க்ரூபரின் கழுத்து உயரம்.

"இது... வேடிக்கை," என்றார் க்ரூபர். "இன்ஸ்பெக்டர், இந்த அம்மா..."

"குனிஞ்சதுக்கெல்லாம் கைது பண்ண முடியாது கிளேலியா," என்றார் பிஸோலி. ஆனால் ஸ்பினெல்லியின் சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

செரஃபீனா மாதாவை என் கையில் கொடுத்துவிட்டு முன்னே வந்தாள். க்ரூபரைச் சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று அண்ணாந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இடது தோளை விட்டுப் போறது," என்றாள். "வளைவு நடுவுல தொட்டில் கயிறு தொங்கும். லவெக்கியா வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் அப்படித்தான் போவாங்க. நாங்க பிள்ளைங்க பின்னாடி நின்னு பழிப்புக் காட்டுவோம்." குரல் இறங்கியது. "தொனாத்தோ?"

க்ரூபர் பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அடுத்து அவர் வாயைத் திறந்தபோது தராசு எங்கோ போய்விட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு கொட்டியது. என் அப்பா பேசுகிற மாதிரியே, சந்தையில் ஆள் கூப்பிடுகிற மாதிரியே.

"ஆமாய்யா, தொனாத்தோதான்! என்ன இப்போ? பேரை மாத்தினேன், பொண்டாட்டியோட குடும்பப் பேரைப் போட்டுக்கிட்டேன். மத்தேராக்காரன்னு சொன்னா எவன் சூரிச்ல மதிக்கிறான்? நீங்க எங்களை என்ன சொல்லித் துரத்துனீங்க? மிருகம்னு சொல்லலை? இப்ப எங்க கழுதை மோண்ட எடத்துல படுக்க என்கிட்டயே வாடகை வாங்குறான், இந்த மிலான் கோமாளி!"

"மாதா எதுக்கு?" என்றார் சிஞோரா.

"பத்திரிகையில படம் போட்டிருந்தான். எல்லாரும் மாதாவைப் பார்த்திருப்பாங்க. நான் ஓட்டையைப் பார்த்தேன். சின்ன வயசுல தினம் வைக்கோல் இழுத்த ஓட்டை, எனக்குத் தெரியாதா? அதுல கொண்டுபோய் நிறுத்தி வச்சிருக்கீங்க, மெழுகுப் புகை அடிச்சு. என்கிட்ட இருந்தா கண்ணாடிக்குள்ள இருப்பா. வாங்கறதுக்கு ஆள் இருக்கு, கையெடுத்துக் கும்பிடற மாதிரி ஆள்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. எனக்கு இரக்கம் ஜலதோஷம் மாதிரி, யார் தும்மினாலும் பிடித்துக்கொள்ளும். துரத்தியது பொய்யில்லை. மேலே அடுக்குமாடிக்குப் போன முதல் வாரம் என் அப்பா ராத்திரியெல்லாம் எழுந்து ஆட்டைத் தேடுவாராம்.

சிஞோராவுக்கு ஜலதோஷமே பிடிக்காது.

"உன் கோபம் நியாயம்," என்றார். மரியாதை போய் ஒருமைக்கு வந்திருந்தது. "அதை ஊர்மேல காட்டியிருந்தா நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பேன். காலையில இந்தப் பொம்பளையை இன்ஸ்பெக்டர் முற்றத்துல நிறுத்தித் திருடின்னு கத்தினப்ப நீ எங்க இருந்தே?"

தொனாத்தோ கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார்.

"மொட்டைமாடியில," என்று ஸ்பினெல்லி கட்டிலிலிருந்து பதில் சொன்னார். "காப்பி கேட்டாரு. ரெண்டாவது காப்பியும் கேட்டாரு. அங்கிருந்து பார்த்தா எல்லாம் நல்லாத் தெரியும்."

"அவ யாருன்னு தெரியும் உனக்கு?"

"...நேத்தே தெரியும். கோயில்ல பேரைச் சொன்னா."

"நேத்துத் தெரிஞ்சுது. காலையில காப்பி குடிச்சே." சிஞோரா பிஸோலி பக்கம் திரும்பினார். "கூட்டிட்டுப் போங்க. உங்க மீசையைவிட வழவழன்னு இருக்கான், இறுக்கமாப் பிடிச்சுக்கோங்க."

பிஸோலி விலங்கை எடுத்தார். வெளியே மத்தியான மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் மேலே பேராலயத்திலிருந்து, அப்புறம் ஒவ்வொரு கோயிலாக. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, கூடத்தின் நடுவே நின்று, தொனாத்தோ லவெக்கியா கையை நீட்டினார்.

"செரஃபி! ஏய், என்னைப் பாரு! நீ சொன்னா விட்டுருவாங்கடீ. மாதாதான் கிடைச்சாச்சே. ஒரே முற்றம், ஒரே கிணறு. உங்கம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன்! நான் வேத்து ஆளா உனக்கு? நான் உன் தொனாத்தோடீ!"

செரஃபீனா என் கையிலிருந்து மாதாவை வாங்கி இடுப்பில் கட்டியிருந்த துணியில் சுற்றினாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. வெளிநாட்டுக் கூட்டம் வந்தால் கோயில் வாசலில் நின்று வரவேற்பாளே, அந்தப் புன்னகை. பேச்சும் அப்படியே வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, புரியாதவர்களுக்குப் புரியவைக்கிற மாதிரி, கையால் சாடை காட்டி.

"சார். நீங்க... வெளிநாடு. எங்க ஊருக்கு... வந்ததுக்கு... நன்றி. கோயிலை இப்போ... மூடப் போறோம். படி... வழுக்கும். பார்த்து... நடங்க."

தொனாத்தோவின் நீட்டிய கை தானாகத் தாழ்ந்து பிஸோலியின் விலங்குக்குள் போய் உட்கார்ந்தது.

படியேறி, கூட்டத்தைக் கடந்து, கார் வரைக்கும் நாங்களும் பின்னால் போனோம். அதற்குப் பிறகு அவர் எந்த மொழியிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.